உச்சிக்குழி மூடிய பிறகு

கெலமங்கலத்துக்குத் தெற்கே ஒரு சின்ன ஊர். அங்கே நாராயணப்பன் வீட்டில் பிறந்த குழந்தைகள் இரண்டு அடுத்தடுத்துத் தங்காமல் போயின. ஐம்பதாம் வருஷத்துக் கோடையில் மூன்றாவதாக ஒரு பெண் பிறந்தபோது, அவர் மனைவி வெங்கடம்மாள் அதன் முகத்தைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. பார்த்தால் ஆசை வந்துவிடும், ஆசை வைத்தால் போய்விடும் என்று பயம். பிள்ளையைத் தவிட்டுக்கு விற்றுவிடலாம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அவளும் சரி என்றாள்.

பிள்ளை தங்காத வீடுகளில் அந்தப் பக்கத்தில் அப்படி ஒரு சாங்கியம் உண்டு. பிறந்த பிள்ளையை முறத்தில் போட்டு வாசலுக்கு வெளியே கொண்டுவந்து, வேறொருத்தியிடம் ஒரு முறம் தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். எமன் வந்து தேடினால் அந்த வீட்டில் பிள்ளையே இருக்காது. வாங்கியவள் வீட்டில் போய்ப் பார்க்க அவனுக்குத் தோன்றாது என்பது நம்பிக்கை. எமனை அவ்வளவு அசடாக நினைக்கலாமா என்று யாரும் கேட்டதில்லை. பொழுது சாய்ந்ததும் அதே தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொள்வார்கள். தவிட்டம்மா, தவிட்டப்பன் என்று பெயர் மட்டும் மிச்சம் இருக்கும்.

வாங்குவதற்கு மாரம்மாவைக் கூப்பிட்டார்கள். அவள் நாராயணப்பன் நிலத்தில் களை எடுப்பவள். ஊருக்கு வெளியே, ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தாள். எமன் அவ்வளவு தூரம் நடக்கமாட்டான். தவிர, அவளுடைய மகன் கரியப்பன் பால்குடி மறக்காத பிள்ளை. அவளிடம் பால் இருந்தது. வெங்கடம்மாளுக்குப் பால் ஊறவே இல்லை. மாரம்மா தொட்ட குடத்துத் தண்ணீரை அந்த வீட்டில் யாரும் குடிக்கமாட்டார்கள். அவள் பாலைப் பிள்ளைக்குக் கொடுக்கலாம் என்று முடிவு செய்ய யாருக்கும் ஒரு நாழிகை ஆகவில்லை. அவள் கொடுத்த தவிடும் நாராயணப்பன் வீட்டுத் தவிடுதான். கொல்லைப் பக்கமாக அவளிடம் கொடுத்து, வாசல் பக்கமாக வாங்கிக்கொண்டார்கள்.

பொழுது சாய்ந்தது. வெங்கடம்மாள் பிள்ளையைத் திருப்பி வாங்க எழுந்து வரவில்லை.

"உங்கிட்டயே இருக்கட்டும் மாரி. நடந்து, பேசி, அது கால்லயே இந்த வாசப்படிய தாண்டி வரட்டும். அப்ப வாங்கிக்கறேன்" என்றாள் கதவுக்கு உள்ளே இருந்து.

இப்படித்தான் மாரம்மா ஒரு பொழுதுக்கு வாங்கிய பிள்ளையை மூன்றரை வருஷம் வளர்த்தாள்.

அவள் புருஷன் ஆஞ்சப்பன் முதலில் முனகினான். நாராயணப்பன் வீட்டிலிருந்து மாசா மாசம் கேழ்வரகு வந்ததும் முனகலை நிறுத்திக்கொண்டான். மாரம்மா கேழ்வரகுக்காக வளர்த்தாளா, பிள்ளைக்காக வளர்த்தாளா என்று அவளையே கேட்டிருந்தால் முதல் வருஷம் கேழ்வரகு என்றுதான் சொல்லியிருப்பாள். இரண்டாம் வருஷம் கேட்டவனைத் திட்டியிருப்பாள்.

தினமும் விளக்கெண்ணெயைச் சூடு பண்ணி, பிள்ளையின் உச்சிக்குழியில் வைத்துத் தேய்ப்பாள். விரலுக்கு அடியில் அது மெத்தென்று துடிக்கும். அதைப் பற்றி அவள் வீட்டார் வைத்திருந்த ஒரு கணக்கு அவளிடமும் இருந்தது. உச்சி திறந்திருக்கும்வரை பிள்ளைக்குப் போன பிறவி ஞாபகம் இருக்கும். தூக்கத்தில் சிரிப்பது அதனால்தான். உச்சி மூடிவிட்டால் போன பிறவி போய்விடும். அதன் பிறகு கண்ணால் பார்ப்பது எல்லாம் இந்தப் பிறவிக்கு, சாகும்வரை நிற்கும். தவிட்டம்மாவுக்கு ஒன்றரை வயசில் உச்சி கெட்டிப்பட்டது. அன்று மாரம்மா விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "இனிமே நான்தான்டி உனக்கு ஞாபகம்" என்றாள். அவளுக்கு அதில் கொஞ்சமும் சந்தேகம் இல்லை.

மாரம்மா வீட்டில் பேசுவது கன்னடம். அதில் அம்மாவுக்கு அவ்வா. பிள்ளையும் அவளை அவ்வா என்றே கூப்பிட்டது. தன்னைப் பெற்றவளை அது தூரத்தில் நடக்கும் ஒரு புடவையாகத்தான் பார்த்திருக்கும். களை எடுக்கும் நாட்களில் மாரம்மா மேட்டுக் காட்டுப் புளியமரத்தில் பழைய சேலையால் ஏணை கட்டிப் போட்டுவிட்டு வேலை பார்ப்பாள். கோடை மழை பெய்த மறுநாள் புற்றிலிருந்து ஈசல் கிளம்பும். பெண்கள் முறத்தால் அடித்துப் பிடித்து, இறகு போகத் தேய்த்து, அங்கேயே கல் கூட்டி ஓட்டுச்சட்டியில் வறுப்பார்கள். வறுத்த கொள்ளு, உப்பு, மிளகாய் எல்லாரும் சேர்ப்பதுதான். மாரம்மா மட்டும் இறக்குகிற நேரத்தில் தலைக்கு மேலே கை நீட்டி, புளியங்கொழுந்து ஒரு கொத்து ஒடித்துக் கசக்கிப் போடுவாள். தவிட்டம்மாவுக்கு மிளகாய் இல்லாமல் தனியாக எடுத்து வைத்து, ஊதி ஊதி வாயில் போடுவாள். பிள்ளை புளிப்பில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறுபடியும் வாயைத் திறக்கும்.

மூன்றரை வயசில் பிள்ளையைக் கூட்டிப்போக ஆள் வந்தது. மாரம்மா தலைவாரிக் கூட்டிப்போனாள். பிள்ளை தன் காலாலேயே வாசற்படியைத் தாண்டிற்று. வெங்கடம்மாள் மூன்றரை வருஷமாக அடக்கி வைத்திருந்ததை எல்லாம் சேர்த்து ஒரேயடியாக வாரி அணைத்துக்கொண்டு, உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். தவிட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஒருத்தருக்கும் ஞாபகம் வரவில்லை. மாரம்மாவுக்கு வந்தது. அவள் சொல்லவில்லை.

பிள்ளை அவ்வா அவ்வா என்று பல நாள் கத்தியது ஓடை தாண்டிக் கேட்டது. பெயரைப் பூவம்மாள் என்று மாற்றினார்கள். மாரம்மாவை அந்தப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். பிள்ளை பழையதை நினைத்துக்கொண்டு ஏங்கிப் போய்விடும் என்பது வெங்கடம்மாளின் பயம். சரி, எப்படியும் நினைக்கத்தானே போகிறாள் என்பது மாரம்மாவின் தைரியம். இரண்டு பெண்களும் ஒரே கணக்கைத்தான் நம்பினார்கள். ஒருத்திக்கு அது பயம், ஒருத்திக்கு அது சொத்து.

கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் ஆற்றுக்குக் குறுக்கே அணை கட்ட ஆரம்பித்ததும் ஆஞ்சப்பன் குடும்பத்தோடு அங்கே போய்விட்டான். மாரம்மா கொஞ்ச நாள் மண் சுமந்தாள். அவள் மடியில் எந்தப் பிள்ளையைப் போட்டாலும் அழுகை நிற்கிறது என்று மேஸ்திரி கண்டுபிடித்து, சுமைக்காரப் பெண்களின் குழந்தைகளை விட்டுவைக்கும் கொட்டகையில் அவளை ஆயாவாக உட்காரவைத்தார். அந்தக் கொட்டகைக்கு வாரம் ஒருமுறை சேலத்திலிருந்து ஒரு லேடி டாக்டர் வருவார். குழந்தைகளை எடை போடுவார். பிறகு ஒரு நாடாவை எடுத்து ஒவ்வொரு தலையாகச் சுற்றி அளப்பார்.

"எதுக்கும்மா தலைய அளக்கறீங்க? குல்லா தெக்கறதுக்கா?" என்று மாரம்மா கேட்டாள்.

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உள்ள மூளை வளருதான்னு பார்க்கத்தான். பொறக்கும்போது பெரியவங்க மூளையில கால் பங்குதான் இருக்கும். மூணு வயசுக்குள்ள முக்கால் பங்கைத் தாண்டிடும். அவ்வளவு வேகமா வளரும்போது மண்டை ஓடு வழி விடணும் இல்லையா? அதுக்குத்தான் உச்சியில குழி."

"குழி மூடிட்டா எல்லாம் முடிஞ்சுதுன்னுதான அர்த்தம்? அதுக்கப்பறம் பாத்தது நிக்கும்தான?"

"அது வெறும் எலும்பு மூடறது. உள்ள வேலை நடந்துக்கிட்டேதான் இருக்கும்."

மாரம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. கையில் இருந்த குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு, யாரோ தூரத்து உறவுக்காரியின் கதைபோல, மூன்றரை வயசு வரை ஒருத்தி வளர்த்த பிள்ளை பெரிசானதும் அவளை ஞாபகம் வைத்திருக்குமா என்று கேட்டாள். எந்தத் தூரத்து உறவுக்காரி என்று டாக்டர் கேட்கவில்லை. நாடாவைச் சுற்றிக்கொண்டே பதில் சொன்னார்.

"இருக்காதும்மா. வீடு கட்டிக்கிட்டு இருக்கும்போதே உள்ள குடியிருக்கற மாதிரி அது. இன்னிக்கு ஒரு மாடத்துல விளக்கை வெப்போம். நாளைக்கு அந்தச் செவுத்தையே எடுத்துட்டு வேற எடத்துல கட்டுவாங்க. அப்புறம் விளக்கு எங்கன்னு தேட முடியுமா? ஏழு எட்டு வயசுக்கு மேலதான் செவுரு நிக்கும். அப்புறம் வெச்சது வெச்ச எடத்துல இருக்கும்."

"ஒண்ணுமே நிக்காதா?"

"மொகம், பேரு, யாரு வளத்தாங்க, அதெல்லாம் போயிடும். நாக்கு பழகினது போகாது. ஒண்ணு ரெண்டு துண்டு நிக்கலாம். ஆனா அது எங்கருந்து வந்துச்சு, யாரு குடுத்தாங்கன்னு அந்தப் புள்ளைக்கே தெரியாது."

"இப்ப அஞ்சு வயசும்மா அதுக்கு."

டாக்டர் அப்போதுதான் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "இப்பப் பாத்தா கொஞ்சம் தெரியும். இன்னும் ரெண்டு மூணு வருஷம் போனா தெரியாது" என்றார்.

டாக்டர் நல்லவர்தான். ஆனாலும் அன்று மாரம்மாவுக்கு அவரைப் பிடித்து ஆற்றில் தள்ளலாம்போல இருந்தது. மூன்றரை வருஷம் பாலும் சோறும் கொடுத்தது மாடத்து விளக்குபோலப் போய்விடும் என்று ஒருத்தர் நாடாவைச் சுற்றிக்கொண்டே சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்? சாயங்காலம் ஆஞ்சப்பனிடம் ஊருக்குப் போய்வருகிறேன் என்றாள்.

"புள்ளய தவுட்டுக்கு வாங்கினவ, புத்திய தவுட்டுக்கு வித்துட்டியா? வாசல்ல நிக்க வெச்சு அனுப்புவாங்க" என்றான் அவன். போகாதே என்று சொல்லவில்லை. பஸ்ஸுக்குச் சில்லறையும் கொடுத்தான்.

அவன் சொன்னபடிதான் நடந்தது. நாராயணப்பன் களத்து ஓரத்திலேயே அவளை நிறுத்திவிட்டார். பிள்ளை களத்து நடுவில் புளியங்கொட்டை வைத்து விளையாடிக்கொண்டிருந்தது. பாவாடை கட்டி, பின்னல் போட்டு, வேறு வீட்டுப் பிள்ளையாக இருந்தது. மாரம்மா கூப்பிடவில்லை. ஏணையை ஆட்டும்போது பண்ணுகிற மாதிரி நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி ஒரு சத்தம் எழுப்பினாள். பிள்ளை தலையைத் தூக்கிற்று. நெடுநேரம் பார்த்தது. எதையோ எங்கேயோ வைத்துவிட்டுத் தேடுகிற முகம் அதற்கு. எழுந்து இரண்டடி வந்தது.

"பூவு, உள்ள வா!" என்று வெங்கடம்மாளின் குரல் வந்தது. பிள்ளை உள்ளே போயிற்று. கதவருகே ஒருமுறை திரும்பிப் பார்த்தது.

"விட்டுடு மாரி" என்றார் நாராயணப்பன். அவர் குரலில் கோபம் இல்லை. "இப்பத்தான் அழாம தூங்கறா."

மாரம்மா திரும்பிவிட்டாள். டாக்டர் சொன்ன இரண்டு மூன்று வருஷம் அவள் கண்முன்னேயே ஓடியது. அணை எழுந்து, தண்ணீர் தேங்கி, கால்வாய் வெட்டுவதும் ஆயிற்று. கொட்டகைக் குழந்தைகளில் பெரிசாகி வெளியே போனவை, ஒரு வருஷம் கழித்து அவளைக் கடந்து ஓடும்போது யாரோ என்று பார்த்தன. ஒவ்வொன்றும் டாக்டர் சொன்னதை அவளுக்கு நிரூபித்துக் கொடுத்தது. அவள் அவற்றைத் திட்டவில்லை. திட்டி என்ன ஆகப்போகிறது?

ஐம்பத்தெட்டாம் வருஷம் கோடையில் வெங்கடம்மாளிடமிருந்து அவளுக்கு ஆள் வந்தது.

பூவம்மாளுக்குக் காது குத்த நாள் பார்த்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் குத்த வேண்டும். நல்ல நாள் கேட்கப் போன இடத்தில் குறி சொல்லும் கோடாங்கி, "தவுட்ட திருப்பிக் குடுத்துட்டீங்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டான். வீட்டார் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். "குடுக்கலயா? அப்ப அது மாரம்மா புள்ள. அடுத்த வூட்டுப் புள்ளைக்கு நீங்க எப்படிக் காது குத்துவீங்க?" என்றான். அத்தனை வருஷமாகப் படிக்கவைத்து, பட்டுப்பாவாடை வாங்கிக் கொடுத்து வளர்த்தது அடுத்த வீட்டுப் பிள்ளையை என்று தெரிந்ததும் வெங்கடம்மாள் அன்றைக்கே அணைக்கு ஆள் அனுப்பினாள்.

ஆஞ்சப்பன் மூட்டை கட்டிக்கொண்டே வந்தான். கால்வாய் வேலை முடிந்துபோயிருந்தது, இனி ஊர்தான். மாரம்மா கண்டாங்கியைத் துவைத்துக் கட்டிக்கொண்டு, நாராயணப்பன் வீட்டு வாசலில் காலையிலேயே போய் நின்றாள். சொந்தக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். முந்தின நாள் மழை பெய்து, வெயில் சுள்ளென்று அடித்தது.

பூவம்மாள் வெளியே வந்தாள். எட்டு வயசு. உயரமாக இருந்தாள். மாரம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள். அது வாசலுக்கு வந்த ஒரு வேலைக்காரியைப் பார்க்கிற பார்வை. "இவங்கதான் உன்ன ஒரு பொழுது தவுட்டுக்கு வாங்கினவங்க" என்று யாரோ சொன்னார்கள். பிள்ளைக்கும் வெளியூர்ச் சொந்தக்காரர்களுக்கும் அவ்வளவுதான் சொல்லி வைத்திருந்தார்கள். "ஓ" என்றுவிட்டு அவள் வேறு பக்கம் திரும்பினாள்.

வெங்கடம்மாள் விட்ட மூச்சு மாரம்மாவுக்குக் கேட்டது. மாரம்மாவுக்கு நெஞ்சு எரிந்தது. தெரிந்த விஷயம்தான், மூன்று வருஷமாகத் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் எரிந்தது.

அப்போது மாட்டுக்கொட்டகைப் பக்கத்துப் புற்றிலிருந்து ஈசல் கிளம்பியது. வெயிலில் இறகு மின்ன மேலே மேலே வந்தது. பூவம்மாள் ஓடிப்போய்க் கை நிறையப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"ம்மா, இத வறுத்துக் குடும்மா. அன்னிக்குக் குடுத்தியே, அந்த மாதிரி."

பெண்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் ஐயே என்றார்கள். தாய்மாமன் பெண்டாட்டி சென்னம்மா, "ஈசலயா? எந்தக் காலத்துலடி உங்கம்மா ஈசல் வறுத்தா?" என்று கேட்டாள்.

"நான் சின்னப் புள்ளையா இருந்தப்ப. மரத்துல ஏணை கட்டியிருந்துச்சு. நான் அதுல படுத்துக்கினு இருந்தேன். அம்மா ஊதி ஊதி வாயில போட்டுச்சு. புளிச்சுது. இல்லம்மா?"

சென்னம்மா சிரித்தாள். "கேட்டியா வெங்கடம்மா? நீ காட்டு மரத்துல ஏணை கட்டினியாம், ஈசல் வறுத்தியாம்! இந்தப் புள்ளைக்குப் பொய் எப்படி வருது பாரு!" இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். வெங்கடம்மாளின் முகத்தில் ரத்தம் இல்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது, அந்த ஏணைப் புடவை யாருடையது, ஊதிக் கொடுத்த வாய் யாருடையது என்று.

"சொல்லும்மா" என்றாள் பூவம்மாள். அவள் கீழுதடு நடுங்கிற்று. "நான் பொய் சொல்லல."

மாரம்மா நின்றது வாசலுக்கு வெளியே. அது நான்தான் என்று அவள் அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்ல வாயும் வந்துவிட்டது. டாக்டர் சொன்ன துண்டு இதோ, பத்திரமாக, புளிப்போடு, ஏணையோடு இருந்தது. அதில் முகம் மட்டும் வேறு முகமாகியிருந்தது. சொன்னால் முகம் தனக்கு வரும். எல்லார் முன்னாலும் பெற்றவள் தலை தொங்கும். சுற்றி நின்று சிரிப்பவர்கள், ஓடைக்கு அப்பால் வளர்ந்த பிள்ளை என்று ஆயுசுக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அந்த உதடு நடுங்கியதை அவளால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. மூன்றரை வருஷம் அந்த உதடு நடுங்கியபோதெல்லாம் வேலையைப் போட்டுவிட்டு ஓடியவள் அவள்.

"புள்ள சொல்றது நெசம்தாங்க" என்றாள் உரக்க. "அம்மாதான் குடுத்தாங்க. களை எடுக்கற அன்னிக்குக் காட்டுக்கு வந்திருந்தாங்க. எங்கள வறுக்கச் சொல்லி, அம்மாவே வாங்கி ஊட்டினாங்க. நான் பாத்தேன்."

சிரிப்பு நின்றது. பூவம்மாள் எல்லாரையும் ஜெயித்துவிட்ட பார்வை பார்த்தாள். பிறகு சாங்கியம் நடந்தது. பூவம்மாளை மாரம்மா மடியில் உட்காரவைத்தார்கள். எட்டு வயசுப் பிள்ளைக்கு அந்நிய மடியில் உட்காரக் கூச்சம், விறைப்பாக உட்கார்ந்தாள். வெங்கடம்மாள் ஒரு முறம் தவிட்டைக் கொண்டுவந்து வைத்தாள். "எம் புள்ளய உனக்குக் குடுத்துட்டேன்" என்று மாரம்மா மூன்று முறை சொல்ல வேண்டும். சொன்னாள். பிள்ளை எழுந்து போயிற்று. காது குத்தினார்கள். உள்ளே அழுகிற சத்தம் கேட்டது. மாரம்மா தவிட்டைச் சேலையில் கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

வைக்கோல் போருக்குப் பின்னால் வெங்கடம்மாள் தனியாக வந்து அவளைப் பிடித்துக்கொண்டாள். கண் சிவந்திருந்தது. நன்றி சொல்வாள் என்று மாரம்மா நினைத்தாள். அவள் நன்றி சொல்லவில்லை.

"மாரி, அது எப்படி வறுக்கறது?" என்றாள்.

"எதும்மா?"

"ஈசல். மறுபடியும் கேப்பா. அன்னிக்கு மாதிரியே வேணும்னு கேப்பா."

மாரம்மா அவளையே பார்த்தாள். பிள்ளையைக் கொடுத்தாயிற்று, முகத்தையும் கொடுத்தாயிற்று. இப்போது கைப்பக்குவத்தையும் கேட்கிறாள். கோபம் வந்தது. கூடவே, ஈசலைக் கண்டாலே குமட்டுகிற இந்தப் பெண் அதைக் கையால் தொட்டு வறுக்கத் தயாராகி வந்து நிற்கிறாளே என்று பரிதாபமும் வந்தது. பயத்தினால் மூன்றரை வருஷத்தைத் தொலைத்தவள் இப்போது அதை எப்படியாவது தன்னுடையதாக்கிக்கொள்ளப் பார்க்கிறாள்.

மாரம்மா சொன்னாள். இறகு போகத் தேய்க்கச் சொன்னாள். ஓட்டுச்சட்டி வேண்டும், இரும்பு ஆகாது என்றாள். கொள்ளைத் தனியாக வறுத்துக் கலக்கச் சொன்னாள். உப்பு எவ்வளவு என்று கையைக் குவித்துக் காட்டினாள். பிள்ளைக்கு ஊதிக் கொடுக்கச் சொன்னாள். புளியங்கொழுந்தைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை.

அடுத்த மழைக்கு மறுநாள், மாரம்மா மேட்டுக் காட்டில் மற்ற பெண்களோடு களை எடுத்துக்கொண்டிருந்தாள். வரப்பில் பூவம்மாள் வந்தாள். காதில் புதுக் கம்மல், கையில் மூடி போட்ட கிண்ணம்.

"அம்மா கேட்டுக்கினு வரச் சொல்லுச்சு" என்றாள். "எல்லாம் நீங்க சொன்ன மாதிரிதான் செஞ்சுச்சாம். ஆனா அது மாதிரி இல்ல. என்னாத்த வுட்டுட்டோம்னு கேக்கச் சொல்லுச்சு."

பிள்ளையின் நாக்கு மறக்கவில்லை. மாரம்மா களைக்கொத்தைக் கீழே போட்டாள். புளியமரத்தடிக்குக் கூட்டிப்போனாள். ஏணை கட்டின கிளை இன்னும் தாழ்வாகவே இருந்தது.

"கண்ண மூடிக்கோ."

பிள்ளை மூடிக்கொண்டாள். மாரம்மா கையை நீட்டிக் கொழுந்து ஒரு கொத்து ஒடித்தாள். உள்ளங்கையில் கசக்கிக் கிண்ணத்தில் தூவிக் கிளறினாள். ஆறித்தான் இருந்தது, ஆனாலும் ஒரு சிட்டிகை எடுத்து, ஊதி, பிள்ளையின் வாயில் போட்டாள். வரிசையில் இருந்த பெண்கள் மண்ணைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். அவர்கள் எதையும் பார்க்கவில்லை.

பூவம்மாள் மென்றாள். மூடிய கண்களில் ஒன்று இன்னும் இறுக்கிக்கொண்டது. கண்ணைத் திறக்காமலே மறுபடியும் வாயைத் திறந்தாள்.

"இதுதான்" என்றாள், வாய் நிறைந்ததும். "எங்கம்மா குடுத்தது இதுதான்."

"ஆமா" என்றாள் மாரம்மா.

"என்னா போட்டீங்க? அம்மாகிட்ட சொல்லணும்."

"அதச் சொன்னா ருசி போயிடும். மழ பெஞ்சா கிண்ணத்த எடுத்துக்கினு இங்க வா. நான் போட்டுத் தர்றேன்."

பிள்ளை யோசித்துப் பார்த்தாள். அது நியாயமாகத்தான் பட்டது. "ஒவ்வொரு மழைக்குமா?"

"ஒவ்வொரு மழைக்கும்."

கிண்ணத்தை மூடிக்கொண்டு நாலடி போனவள் திரும்பி நின்றாள். "உங்க பேரு என்னா? அன்னிக்குச் சொன்னாங்க, மறந்துட்டேன்."

"மாரம்மா."

"மாரம்மா" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு, அவள் முகத்தை நன்றாக ஒருமுறை பார்த்துவிட்டு, பூவம்மாள் வரப்பில் ஓடினாள்.

மாரம்மா களைக்கொத்தை எடுத்துக்கொண்டு வரிசைக்குத் திரும்பினாள். பிள்ளைக்கு எட்டு வயசு. டாக்டர் கணக்குப்படி சுவர் நின்றாயிற்று. இனி வைப்பது வைத்த இடத்தில் இருக்கும்.